கோமதியின் குரல் யாரிடமும் இல்லை

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டு, பிரபு என் முகத்தைப் பார்த்தான். நான் கோமதியின் முகத்தைப் பார்த்தேன். அவள் கழுத்தைச் சுற்றியிருந்த பருத்தித் துணியைச் சரிசெய்துகொண்டு, ‘போடு’ என்று கையசைத்தாள்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலை அமைதியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேல் வீட்டில் மிக்ஸி ஓடியது. பிரபு எழுந்துபோய் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு பொத்தானை அழுத்தினான்.

“வணக்கம் பசங்களா. இன்னிக்கி நாம கடிகாரம் பார்க்கக் கத்துக்கப் போறோம்.”

கோமதியின் குரல்தான், சந்தேகமே இல்லை. அவள் வீட்டுக்காரர் ஏழுமலை உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். மாதக்கணக்காக அவர்கள் வீட்டில் கேட்காத குரல் என் வீட்டு மேசையிலிருந்து வருகிறது.

கோமதி மட்டும் அசையவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை தப்பாக வாய்ப்பாடு சொல்லும்போது அவள் அப்படித்தான் கேட்பாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் ஆசிரியர் மாற்றல் கலந்தாய்வில் நடந்த கூத்தை எழுதியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்ததாக இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். மகிழ்ச்சி. இந்த வாரம் சிரிப்பதற்கு என்னிடம் அதிகமாக ஒன்றும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கொசுவலைக்குள் ஒரு வகுப்பறை

கோமதி முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. நான் அம்பத்தூரில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்துகிறவள். பூந்தமல்லியில் நடந்த ஒரு பயிற்சி முகாமில்தான் பழக்கம். மேடையில் ஒருவர், ‘வகுப்பறையில் தொழில்நுட்பம்’ என்ற தலைப்பில் பேச வந்து, தன் மடிக்கணினியைத் திறக்கத் தெரியாமல் அரை மணி நேரம் திண்டாடினார். கடைசி வரிசையில் நான் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்தபோது, பக்கத்தில் இன்னொருத்தியும் குனிந்திருந்தாள். அதுதான் கோமதி. அன்றைக்கே வாடி போடி ஆகிவிட்டோம்.

பள்ளிக்கூடங்கள் எல்லாம் பூட்டிக்கிடந்த அந்தக் கொரோனா நாட்களில் எங்களுக்காக ஒரு குழு தொடங்கினார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் வரைக்கும் உள்ள ஆசிரியர்கள் எல்லாம் போனில் ஒரே குழு. களஞ்சியம் என்று பெயர். பாட வீடியோ, வினாடி வினா, படம், ஸ்லைடு, எதைச் செய்தாலும் இதில் போட வேண்டும், எவருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அதைத் தொடங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு அறையில் அடைந்துகிடந்து, பிள்ளைகளை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தோம்.

எல்லாரும் வீடியோ வீடியோ என்று பறந்தபோது கோமதி ஒருத்திதான் வெறும் குரலில் பாடம் எடுத்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பன் வேலைக்குக் கொண்டுபோகிற போன். வீடியோ பார்த்தால் டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். குரலென்றால் இறக்கிவைத்துக்கொண்டு நாலு தடவை கேட்கலாம்.

அவள் பதிவு செய்வதை ஒரு நாள் நேரில் பார்த்தேன். கட்டில் மேல் கொசுவலை, அதன் மேல் கம்பளி, உள்ளே வேர்த்து வடிந்துகொண்டு இவள். மேலே விமானம் பறந்தால் நிறுத்துவாள். குக்கர் கூவினால் நிறுத்துவாள். ஏழுமலை வாசலில் நின்று தெருநாய்களைச் சமாதானப்படுத்துவார். ஒரு பாடம் முடிந்து வெளியே வரும்போது முங்கிக் குளித்தவள் மாதிரி வருவாள்.

குரல் என்றால் அது குரல். இனிமை என்று சொல்லமாட்டேன், பாட்டுப் பாடினால் நானே எழுந்து போயிருப்பேன். ஆனால் அவள் ‘பசங்களா’ என்று கூப்பிட்டால் பெரியவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு தமிழாசிரியர், தன் அம்மா அந்தப் பாடங்களைச் சமையலறையில் போட்டுக் கேட்கிறார் என்று எழுதினார். கணக்கே பிடிக்காத அம்மாவாம்.

அருமை, சிறப்பு, வாழ்த்துகள்

எங்கள் குழுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் எதைப் போட்டாலும் பாராட்ட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். இருபது நிமிடப் பாடத்தைப் போட்ட மறு நொடியில், ‘மிகவும் பயனுள்ள பதிவு ஐயா’ என்று வந்துவிழும். அடுத்து கைதட்டல். அடுத்து பூங்கொத்து. இவர்கள் எப்போது கேட்டார்கள், எப்போது பயன் கண்டார்கள் என்று நான் கோமதியிடம் பொருமுவேன். அவள் சிரிப்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எடுத்துக்கொள்கிறவர்கள் முதல் சில நொடிகளை வெட்டிவிடுவார்கள். அதில்தான் செய்தவர் பெயரும் ஊரும் இருக்கும். அங்கே தங்கள் பெயரை ஒட்டி, கீபோர்டு இசையோ புல்லாங்குழலோ பின்னணியில் ஓடவிட்டு, அடுத்த குழுவில் போடுவார்கள். அங்கிருந்து இன்னொருவர் எடுத்து அவர் பங்குக்கு வெட்டுவார். திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. வகுப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வது என்று அதற்குப் பெயர்.

ஒருதரம் கோமதியின் பாடம், வேறொருத்தியின் புகைப்படத்தோடு எங்கள் குழுவுக்கே திரும்பி வந்தது. அதற்கும் பூங்கொத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்கிறேனா இல்லையா பார் என்று போனை எடுத்தேன்.

“வுடு விஜி. பாடம் பசங்க காதுக்குப் போய்ச் சேந்துச்சு இல்ல? எம் பேரு போனா இன்னா, வந்தா இன்னா” என்றாள் கோமதி.

அவள் போன் சின்ன போன். இரண்டு பாடம் பதிந்தால் இடமில்லை என்று கத்தும். அதனால் குழுவில் போட்டதும் தன் போனிலிருந்து அழித்துவிடுவாள். களஞ்சியத்தில் இருக்கிறதே, அதைவிடப் பத்திரமான இடம் எது என்பது அவள் கணக்கு. அவள் மட்டுமா, எங்கள் எல்லாருடைய கணக்கும் அதுதான்.

அப்புறம் ஒரு நாள் எல்லாருடைய போனும் நிரம்பிவிட்டது. காலை வணக்கப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், சுற்றறிக்கைகள். குழுவை நடத்திய பெரியவர், பழைய பதிவுகள் தானாக மறைந்துபோகிற மாதிரி ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடலாமா என்று கேட்டார். கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. ஒருவர்கூட மறுக்கவில்லை. யாராவது ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். அந்த யாராவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொண்டை

வாத்தியார் வேலையில் தொண்டை கட்டுவது புதிதா? ஜூன் மாதம் கட்டும், ஜூலையில் சரியாகும். கோமதிக்கு மட்டும் ஆகவில்லை. மிளகு, அதிமதுரம், வெந்நீர், கற்பூரவல்லி எல்லாம் பார்த்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் எனக்கு அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்டால் சட்டியைச் சுரண்டுகிற சத்தம்தான் வரும். டாக்டரிடம் போடி என்று நானும் திட்டினேன், ஏழுமலையும் திட்டினார். பரீட்சை முடியட்டும் என்றாள். பரீட்சை எப்போது முடிந்திருக்கிறது?

ஒருவழியாக டாக்டரிடம் போனபோது, புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், அதற்கு அந்த டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் இனி மூச்சு. பேச்சு கிடையாது.

தாடைக்குக் கீழே வைத்து அழுத்திப் பேசுகிற ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஒரே சுருதியில் சொற்கள் வரும். பழகிக்கொண்டு அதோடு வகுப்புக்குப் போனாள். முதல் வரிசைப் பிள்ளைகள் பயந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். மத்தியான இடைவேளையில் ஆளாளுக்குப் பேனா மூடியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, ‘ப-ச-ங்-க-ளா’ என்று விளையாடிக்கொண்டிருந்தார்களாம். பிள்ளைகள் அப்படித்தான், அவர்களிடம் விஷம் கிடையாது. அவள் அன்றைக்கு அந்தக் கருவியைப் பைக்குள் போட்டவள்தான். மறுபடி வகுப்பில் எடுக்கவில்லை.

வேலைக்கு ஆபத்தில்லை. பணியில் இருக்கும்போது உடல் குறைபட்டவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து விவரங்கள் ஏற்றும் வேலை தருகிறோம் என்றார்கள். அதே சம்பளம், மின்விசிறிக்குக் கீழே இருக்கை. பலர் தவம் கிடக்கிற இடம் அது.

கோமதிக்கு வகுப்பு வேண்டும். அதைத்தான் கேட்டாள், வேறு எதையும் கேட்கவில்லை. அவள் பள்ளித் தலைமையாசிரியை நல்ல பெண்மணி. அரையாண்டுத் தேர்வு வரை பார்க்கலாம் டீச்சர், அதற்குள் ஏதாவது வழி கண்டுபிடியுங்கள், அதற்கப்புறம் என் கையில் இல்லை என்றார்.

குரல் கேட்டுப் போட்ட பதிவு

வழி சொன்னவன் பிரபு. என் எதிர்வீட்டுப் பையன், திருநெல்வேலிப் பக்கம், இங்கே ஐடி கம்பெனியில் வேலை. என்னை அக்கா என்பான். ஒருவருடைய பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்தால் அது அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும், அப்புறம் நாம் எதைத் தட்டச்சு செய்தாலும் அதே குரலில் பேசும் என்றான். கோமதி தட்டினால் வகுப்பில் ஸ்பீக்கர் கோமதியாகப் பேசும்.

“சுத்தமா ஒரு அரை மணி நேரம் இருந்தா போதும்க்கா. பின்னாடி பாட்டு கீட்டு ஓடக் கூடாது. அவ்வளவுதான்” என்றான்.

அரை மணி நேரம்! அவள் அந்தக் கொசுவலைக்குள் உட்கார்ந்து பேசியது எத்தனை மணி நேரம் இருக்கும்! நான் அன்றைக்கே ஆவடியில் அவள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். கோமதி எழுதி அழிக்கிற பலகையில், ‘குரூப்ல கேளு’ என்று எழுதிக் காட்டினாள். அவள் கண்ணில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் மறக்க முடியாது. இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது.

கேட்டேன். விவரமாக எழுதினேன். கோமதி டீச்சருக்குக் குரல் போய்விட்டது, அவருடைய பழைய பாடங்களை யாராவது எடுத்துவைத்திருந்தால் அனுப்புங்கள், அவர் மீண்டும் பாடம் நடத்த அது ஒன்றுதான் வழி.

வந்தன. ரோஜாப்பூ வந்தது. விளக்கு ஏற்றிய படம் வந்தது. ‘விரைவில் நலம்பெற வாழ்த்துகள்’ வந்தது. கைகூப்பல்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. ஒரு புண்ணியவான், ‘அருமையான பதிவு’ என்று போட்டிருந்தார். பாடம் மட்டும் வரவில்லை. அதற்குள் யாரோ எட்டாம் வகுப்பு வினாடி வினா ஒன்றைப் போட, கைதட்டல்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. என் பதிவு மேலே மேலே போய் மறைந்தது.

மறுநாள் திரும்பவும் போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன். ஒரே பதிவை மீண்டும் மீண்டும் இடுவது குழு விதிகளுக்கு முரணானது என்று பெரியவர் அன்போடு நினைவூட்டினார். அதற்கும் ஒருவர் கட்டைவிரல் காட்டினார். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. என் போன் என்பதால் அடிக்கவில்லை.

தனித்தனியாகக் கூப்பிட ஆரம்பித்தேன். எல்லாரும் நல்லவர்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். ஐயோ கோமதி டீச்சரா என்று அழுதவர்கள் உண்டு. ‘இருந்துச்சு மேடம், போன் மாத்தினப்போ போயிடுச்சு.’ ‘குரூப்ல பாருங்க மேடம், அங்கதான் இருக்கும்.’ ‘உங்ககிட்ட இல்லயா மேடம்? நாங்க உங்ககிட்ட இருக்கும்னுல்ல நெனச்சோம்.’ இந்த மூன்றில் ஒன்றுதான் பதில். அந்த நாளில் பாடம் கேட்ட பிள்ளைகளின் வீடுகளிலும் விசாரித்தோம், அந்தப் போன்கள் எல்லாம் எப்போதோ கைமாறிவிட்டிருந்தன. திருநின்றவூரில் ஒரு டீச்சரிடம் துண்டு துண்டாகக் கொஞ்சம் இருந்தது, முழுக்கப் புல்லாங்குழல் ஏற்றியது. இசையை மட்டும் கழிக்கப் பிரபு படாதபாடு பட்டான். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரிதான் வந்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றான்.

பூந்தமல்லியில் ஒரு ஸ்டூடியோ

கடைசி நம்பிக்கை தனசேகர் சார். பூந்தமல்லியில் இருக்கிறார், சொந்தமாகப் பாடச் சேனல் நடத்துகிறார். கோமதியின் கணக்குப் பாடங்கள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டவர் அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு சனிக்கிழமை நானும் ஏழுமலையும் அவர் ஆட்டோவிலேயே போனோம். சொந்த ஆட்டோ ஓட்டுகிறவர் ஏழுமலை, வழியெல்லாம் பேசுகிறவர். அன்றைக்கு ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

தனசேகர் சார் வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். அவர் மனைவி காபியும் போண்டாவும் கொண்டுவந்து வைத்தார். ஓர் அறை முழுக்க ஸ்டூடியோ. சுவரெல்லாம் பஞ்சு அட்டை, வட்ட விளக்கு, நல்ல மைக். கோமதியைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது நடிப்பில்லை.

“அவங்க கன்டென்ட் மாதிரி யாருக்கும் வராது மேடம். எல்லாத்தையும் எடுத்தேன். ஆனா ஒரே சத்தம், பிளேன் போகுது, குக்கர் அடிக்குது. அதான் வார்த்தை மாறாம என் குரல்ல திரும்பப் பேசிட்டேன். நல்லா வந்ததும் பழசை எல்லாம் டெலிட் பண்ணிட்டேன்.”

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் எடுத்த போண்டாவைத் தட்டில் வைத்தார். கணினியைத் திறந்து ஒவ்வொரு கோப்புறையாகத் துழாவினார். குப்பைக் கூடையைத் துழாவினார். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை அலமாரியின் அடியிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினார். ஏழுமலை அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனாலும் பார்த்தார்.

எல்லாப் பாடமும் இருந்தது. கோமதியின் சொற்கள், கோமதியின் உதாரணங்கள், கோமதியின் கிண்டல்கூட இருந்தது. பேசியது மட்டும் தனசேகர். கணீரென்ற, குறையே சொல்ல முடியாத ஆண் குரல்.

திரும்பி வரும்போது பருத்திப்பட்டு தாண்டி ஒரு மரத்தடியில் ஏழுமலை வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே பேசினார்.

“டீச்சரம்மா, நான் இருவது வருசமா அது கத்துறதக் கேட்டுகினு கீறேன். போனை எடுத்து ஒரு தபா புடிச்சி வைக்கணும்னு எனக்குத் தோணல பாருங்க. ஊட்லயே கீது, எங்க போயிடப் போவுதுன்னு நெனச்சிகினேன்.”

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் வண்டியை எடுத்தார்.

மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமை

என் போனில் மிஞ்சியிருந்த குரல் செய்திகளை வைத்தாவது பார்க்கலாம் என்றான் பிரபு. அவள் நோயாக இருந்த ஆண்டில் எனக்கு அனுப்பியவை. வேறு வழியில்லாமல் கொடுத்தேன். அவன் தன் வேலைக்கு நடுவே ஒரு வாரம் மெனக்கெட்டு அதைச் செய்துகொண்டு வந்தான். அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டுக்காட்டினான்.

சொன்னேனே, கோமதியின் குரல்தான். கரகரத்து, உடைந்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் காற்று மட்டும் வருகிற குரல். இயந்திரம் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தது. அவள் சொல்லாத வாக்கியங்களை அவள் வலியோடு சொல்லியது. நடுவில் ஓரிடத்தில் செருமியதுகூட. அந்தச் செருமலை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கோமதி முழுக்கக் கேட்டாள். பிறகு பலகையை எடுத்து நிதானமாக எழுதி, பிரபுவிடம் முதலில் காட்டினாள். ‘ரொம்ப தேங்க்ஸ் தம்பி.’ அழித்தாள். இன்னொன்று எழுதி என் பக்கம் திருப்பினாள்.

‘இது நான் இல்ல விஜி. இது அந்த வியாதி. அத்த புள்ளைங்க முன்னாடி பேச வுடாத.’

பிரபு லேப்டாப்பை மூடினான். ஏழுமலை எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் சமையலறைக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாம் வகுப்பு

அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. கோமதி ஒரு முடிவுக்கு வந்தாள். தனசேகர் சாரின் வீடியோக்களையே ஸ்மார்ட் போர்டில் ஓடவிடுவது, இவள் பக்கத்தில் நின்று காட்டுவது, நோட்டுத் திருத்துவது. பாடம் இவளுடையதுதானே. தலைமையாசிரியை சரியென்றார். தனசேகர் சாரே கொண்டுவந்து போட்டுக்கொடுத்தார். நான் அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பின்னம் பாடம். திரை வெளிச்சமானது, வண்ணப் படங்கள் ஓடின, கணீர் குரல் ஆரம்பித்தது. கோமதி திரைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் கவனித்தேன், அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல் முந்தாமல் பிந்தாமல், எல்லாம் அவள் வாயிலும் ஓடியது. மனப்பாடம் என்ன, அவள் எழுதியதுதானே. பிள்ளைகள் அவள் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சிலர் புன்னகைத்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்ன ஆசை வந்தது. பரவாயில்லையே, இப்படியே ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

“லாரி வந்துச்சு. ஒரு குடம் தண்ணி. பாதி உங்க வீட்டுக்கு, கால்வாசி பக்கத்து வீட்டுக்கு. மீதி எவ்வளவு?”

கோமதியின் உதடுகள் மூடிக்கொண்டன. புருவத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பதிவுகளில் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஒரு நீண்ட மௌனம் இருக்கும். போன் அறுந்துவிட்டதோ என்று தோன்றுகிற அளவுக்கு. அந்தக் கம்பளிக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு, வகுப்பிலேயே மெதுவான பிள்ளை விரல் மடக்கி முடிக்கிற வரைக்கும் அவள் காத்திருப்பாள். தனசேகர் சார் சொற்களை ஒன்றுகூட விடவில்லை. அந்த மௌனங்களை மட்டும் வெட்டிவிட்டிருந்தார். வீடியோவில் வெறும் இடம் எதற்கு என்று எவருமே வெட்டத்தான் செய்வார்கள்.

“ரொம்பச் சரி. கால் குடம்” என்றது திரை. பாராட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது.

மடங்க ஆரம்பித்த விரல்கள் நின்றன. பிள்ளைகள் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். கோமதி இன்னும் அவர்கள் பக்கம் பார்த்தபடி, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தாள். பின்னால் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி அதைப் பிடிக்கப் பார்த்தாள். எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அடுத்த கேள்வி வந்தது, அதற்கும் உடனே பதில் வந்தது, ரொம்பச் சரி என்று பாராட்டும் வந்தது.

கோமதி போய்த் திரையை அணைத்தாள்.

என் பக்கத்துப் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், நடந்தது எதையும் கவனிக்காமல், குனிந்து இன்னும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

“கால் கொடம் டீச்சர்.”

கோமதியின் முகம் மலர்ந்தது. ‘ரொம்ப சரி’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, அதுவும் கழுத்து வழியாக. அந்தப் பெண் பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி தலையசைப்பதற்குள், தப்பாகச் சொல்லிவிட்டோம் போல என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து விரலை மடக்க ஆரம்பித்தாள்.

அன்று மாலையே, அலுவலக வேலைக்குச் சம்மதம் என்று கோமதி எழுதிக்கொடுத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்து நிறுத்த என்னிடம் என்ன இருந்தது?